பெனிசிலின் கதையின் மறுபாதி

விஞ்ஞான வரலாற்றில் மாணவர்கள் ஆவலோடு கேட்கும் கதைகள் சில உண்டு. ஆர்க்கிமிடீஸ் நீராடிய கதை, நியூட்டன் கண்ட ஆப்பிள் கதை ஆகியவற்றின் வரிசையில் பெனிசிலின் கதையும் இடம் பெற்றுவிட்டது. லண்டன் மாநகரில் ஓர் ஆய்வாளர் விடுமுறை கழித்துத் தம் ஆய்வுக்கூடத்துக்குத் திரும்புகிறார். கிருமி வளர்க்கும் கண்ணாடித் தட்டுகளுள் ஒன்றில் பூஞ்சணம் பிடித்திருக்கிறது. அப்பூஞ்சணத்தைச் சுற்றிலும் இருந்த கிருமிகள் கரைந்து மறைந்திருக்கின்றன. அதிலிருந்து அரியதொரு மருந்து பிறக்கிறது. கோடிக்கணக்கான உயிர்கள் பிழைக்கின்றன. ஆய்வாளருக்கு நோபல் பரிசு கிடைக்கிறது. கதை முடியும் வேளையில் மணியும் அடித்துவிடுகிறது; மாணவர்கள் மனநிறைவோடு வகுப்பை விட்டு எழுகின்றனர்.

உயர்நிலைப் பள்ளியில் பல்லாண்டுகளாக விஞ்ஞானம் கற்பித்து வருபவன் நான். இக்கதையில் பொய் ஏதும் இல்லை. ஆனால் இது பாதிக் கதை. மறுபாதியைச் சொல்லாமல் விட்டால், சொன்ன பாதியும் மாணவர் உள்ளத்தில் தவறான உருவம் பெற்றுவிடுகிறது. ஆன்டிபயாடிக் என்று மருந்துக் கடைகளில் வழங்கும் நுண்ணுயிர்க்கொல்லி மருந்துகளின் வரலாற்றை முழுமையாகக் கற்பிக்க வேண்டும் என்பதையும், அவ்வாறு கற்பித்தால் விளையும் நன்மை யாது என்பதையுமே இப்பேச்சில் நேயர்களிடம் எடுத்துரைக்க விரும்புகிறேன்.

முதலில் அத்தவறான உருவம் இன்னது என்று காண்போம். ஒன்பதாம் வகுப்பு மாணவர்களிடம், “முன்பு கேட்ட மருந்து இப்போது கேட்கவில்லையே, அதற்குக் காரணம் என்ன?” என்று வினவினால், பெரும்பாலோர் தயங்காது கூறும் விடை ஒன்றே: “மருந்து உடம்புக்குப் பழகிவிட்டது, ஐயா!” வீட்டில் பெரியவர்கள் சொல்லக் கேட்டதையே பிள்ளைகள் சொல்லுகிறார்கள். நம் மொழி வழக்கும் இதற்கு ஓரளவு துணை செய்கிறது. உடல் நோயை எதிர்ப்பதையும் எதிர்ப்பாற்றல் என்கிறோம். கிருமி மருந்தை எதிர்ப்பதையும் எதிர்ப்பாற்றல் என்கிறோம். முன்னது நமக்குக் காவல். பின்னது நமக்குப் பகை. இரண்டையும் ஒரே சொல்லால் சுட்டும்போது பிள்ளைகள் மயங்குவதில் வியப்பில்லை. ஆகவே, முன்னதை நோயெதிர்ப்பு என்றும், பின்னதை மருந்தெதிர்ப்பு என்றும் கரும்பலகையில் இரு பத்திகளாக எழுதிய பின்னரே நான் பாடத்தைத் தொடங்குவது வழக்கம்.

“இது வெறும் சொல் பிழைதானே, இதனால் என்ன கேடு?” என்று கேட்கலாம். கேடு பெரிது. மருந்து உடம்புக்குப் பழகிவிடுகிறது என்று நம்புகிறவன், “நான் அதிகம் மருந்து உண்டதில்லை, ஆதலால் எனக்கு அந்த ஆபத்து இல்லை” என்று முடிவு செய்கிறான். “நான் மிகுதியாக உண்டால் கெடுவது என் உடம்புதானே” என்றும் எண்ணிக்கொள்கிறான். உண்மை இதற்கு நேர்மாறானது. மருந்தை எதிர்க்கும் தன்மை கிருமிக்கு உரியது. கிருமியோ எவருக்கும் தனி உடைமை அன்று. ஒருவன் உடலில் பெருகிய கிருமி, வாழ்நாளில் ஒரு மாத்திரையும் விழுங்காத கைக்குழந்தையையும் சென்று பற்றும். இந்த ஓர் உண்மையை மாணவன் உணர்ந்துவிட்டால், பாடத்தின் பயன் கைகூடிவிட்டது எனலாம். அதை உணர்த்துவதற்கு அறிவுரையைக் காட்டிலும் வரலாறே சிறந்த கருவி.

இனி அவ்வரலாற்றைக் காண்போம். லண்டன் செயின்ட் மேரி மருத்துவமனையில் அலெக்சாண்டர் பிளெமிங் அப்பூஞ்சணத்தைக் கண்டது 1928 ஆம் ஆண்டு செப்டம்பர் மாதத்தில். அது சுரக்கும் பொருளுக்குப் பெனிசிலின் என்று பெயரிட்டு, 1929 இல் ஆய்வுரை ஒன்றும் வெளியிட்டார். ஆனால் அப்பொருளைத் தூய்மையாகப் பிரித்தெடுப்பது எளிதாக இல்லை. ஏறத்தாழப் பத்தாண்டுகள் கழிந்த பின்னர், ஆக்ஸ்போர்டு பல்கலைக்கழகத்தில் ஹோவர்ட் புளோரி, எர்னஸ்ட் செயின், நார்மன் ஹீட்லி முதலியோர் அப்பணியை மேற்கொண்டனர். போர்க்காலம் ஆதலால் தட்டுப்பாடு மிகுதி. பூஞ்சணம் வளர்க்கத் தக்க கலம் தேடிய ஹீட்லி, படுக்கையில் கிடக்கும் நோயாளிகளுக்கு வைக்கும் மலப்பாத்திரங்களைக்கூடப் பயன்படுத்திப் பார்த்தார். இதைச் சொல்லும்போது வகுப்பு சிரிப்பில் ஆழும். சிரித்த செய்தி மறப்பதில்லை. ஆகவே அதைத் தவறாமல் சொல்லுகிறேன்.

1940 ஆம் ஆண்டு மே 25 ஆம் நாள் எட்டுச் சுண்டெலிகளுக்குக் கொடிய கிருமிகள் ஊசி வழியே செலுத்தப்பட்டன. அவற்றுள் நான்கிற்கு மட்டும் பெனிசிலின் கொடுக்கப்பட்டது. மறுநாள் விடிவதற்குள் மருந்து பெறாத நான்கும் மாண்டன. மருந்து பெற்ற நான்கும் உயிரோடிருந்தன. எட்டே எலிகளைக் கொண்டு செய்த சோதனைதான். ஆயினும் மருத்துவ உலகின் போக்கையே அது மாற்றியது.

பாதிக் கதையில் இடம் பெறாத செய்தி இதன் பின்னரே வருகிறது. அதே ஆக்ஸ்போர்டு குழுவைச் சேர்ந்த எட்வர்டு ஏபிரகாம் என்பவரும் செயினும், சில கிருமிகளைப் பெனிசிலின் ஏன் கொல்லுவதில்லை என்று ஆராய்ந்தனர். அக்கிருமிகள் பெனிசிலினையே சிதைத்து அழித்துவிடும் நொதிப்பொருள் ஒன்றைத் தம்முள் உண்டாக்குகின்றன என்று கண்டனர். அதனை 1940 ஆம் ஆண்டு டிசம்பர் 28 ஆம் நாள் நேச்சர் இதழில் வெளியிட்டனர். அந்நொதிக்குப் பெனிசிலினேஸ் என்று பெயர்.

நோயாளி ஒருவருக்கு நோய் தீர்க்கும் நோக்கத்தோடு அம்மருந்தை அவர்கள் முதன்முதலாகக் கொடுத்தது எப்போது? 1941 பிப்ரவரி 12 ஆம் நாள். மே 25, டிசம்பர் 28, பிப்ரவரி 12 என்னும் இம்மூன்று நாட்களையும் கரும்பலகையில் ஒன்றன்கீழ் ஒன்றாக எழுதிவிட்டு நான் சற்றே மௌனமாக நிற்பேன். கூர்மையான மாணவர் எவரேனும் எழுந்து, “அப்படியானால், மருந்து நோயாளியிடம் போவதற்கு முன்பே அதை முறியடிக்கும் வழி கிருமிகளிடம் இருந்ததா?” என்று கேட்பார். அக்கேள்வி பிறந்துவிட்டால், பாடம் தானே நடக்கத் தொடங்கிவிடும். “உடம்புக்குப் பழகிவிட்டது” என்னும் விளக்கம் இங்கேயே ஆட்டம் காண்கிறது. எவர் உடம்புக்கும் பழகுவதற்கு முன்னரே மருந்தெதிர்ப்பு இருந்ததன்றோ!

பிப்ரவரியில் அம்மருந்தைப் பெற்றவர் ஆல்பர்ட் அலெக்சாண்டர் என்னும் போலீஸ்காரர். அவருக்கு வயது 43. முகத்தில் தொடங்கிய நோய் பரவிச் சீழ் கோத்து, ஒரு கண்ணையும் இழந்து, மரணத் தறுவாயில் இருந்தார். பெனிசிலின் கொடுத்ததும் காய்ச்சல் தணிந்தது. உணவில் விருப்பம் பிறந்தது. ஆனால் கையிருப்பு மிகச் சொற்பம். அவருடைய சிறுநீரில் வெளியேறிய மருந்தைக்கூட வடித்துப் பிரித்து மீண்டும் செலுத்திப் பார்த்தனர். சில நாட்களில் அதுவும் தீர்ந்தது. நோய் மீண்டும் தலைதூக்கியது. மார்ச் 15 ஆம் நாள் அவர் இறந்தார். அவரைக் கொன்றது மருந்தெதிர்ப்பு அன்று, மருந்துத் தட்டுப்பாடு என்பதை மாணவர்களுக்குத் தெளிவாகச் சொல்லிவிட வேண்டும். ஒரு துளியும் வீணாகலாகாது என்று சிறுநீரிலிருந்து வடித்தெடுத்துப் போற்றிய மருந்தை, சில ஆண்டுகளுக்குள் மனிதர் எவ்வளவு எளிதாகக் கையாளத் தொடங்கினர் என்பதையும் உடன் சொல்ல வேண்டும்.

1941 இல் புளோரியும் ஹீட்லியும் அமெரிக்கா சென்றனர். இலினாய் மாநிலத்துப் பியோரியா நகரில், மக்காச்சோள மாவாலையின் கழிவுநீரில் பூஞ்சணம் செழித்து வளர்வது தெரியவந்தது. உற்பத்தி பெருகியது. 1944 இல் நேசநாட்டுப் படைகள் நார்மண்டிக் கரையில் இறங்கியபோது காயமுற்ற வீரர்களுக்குப் பெனிசிலின் கிடைத்தது. 1945 இல் பிளெமிங், புளோரி, செயின் மூவரும் நோபல் பரிசைப் பகிர்ந்து கொண்டனர்.

பாதிக் கதை முடியும் இடம் இதுவே. ஆனால் அப்பரிசைப் பெற்றபோது, டிசம்பர் 11 ஆம் நாள் பிளெமிங் ஆற்றிய சொற்பொழிவின் இறுதிப் பகுதி புகழ்ச்சியாக அமையவில்லை, எச்சரிக்கையாக அமைந்தது. பெனிசிலினை யாரும் கடையில் வாங்கும் காலம் வரக்கூடும் என்று கூறிய அவர், கற்பனையாக ஒரு குடும்பத்தை எடுத்துக்காட்டினார். கணவனுக்குத் தொண்டைப் புண். அவனே பெனிசிலின் வாங்கிப் போதாத அளவில் உட்கொள்கிறான். கிருமிகள் அழியவில்லை; மருந்தைத் தாங்கும் திறன் பெறுகின்றன. அவனிடமிருந்து அவன் மனைவிக்கு அக்கிருமி தொற்றுகிறது. அவளுக்கு நிமோனியா காணுகிறது. மருத்துவர் பெனிசிலின் கொடுக்கிறார், பயனில்லை, அவள் இறந்துவிடுகிறாள். இச்சாவுக்குப் பொறுப்பாளி யார் என்று பிளெமிங் வினவினார். கணவனுடைய கவனக்குறைவே கிருமியின் இயல்பை மாற்றியது என்று விடையும் தந்தார்.

இதனை நான் வகுப்பில் சொல்லும்போது ஒரு கேள்வி கேட்பேன்: “மருந்தை உண்டவர் யார்? மாண்டவர் யார்?” உண்டவன் ஒருவன், மாண்டவள் வேறொருத்தி. எத்தனை பக்கம் எழுதினாலும் இதனினும் தெளிவாக விளக்க இயலாது.

பிளெமிங் அச்சொற்பொழிவில் பயன்படுத்திய சொல் ஒன்றை மட்டும் நாம் எச்சரிக்கையோடு கையாள வேண்டும். போதாத மருந்து கிருமிகளுக்கு எதிர்க்கக் கற்பித்துவிடுகிறது என்னும் பொருள்பட அவர் பேசினார். கேட்போர்க்கு எளிதில் விளங்கும் உருவகம் அது. ஆனால் கிருமிகள் பள்ளிக்கூடம் செல்லுவதில்லை; பாடம் படித்து மாறுவதுமில்லை. அவ்வாறாயின் அவை மாறுவது எங்ஙனம்?

இதனை அழகாக விளக்கியவர்கள் அமெரிக்க விஞ்ஞானிகளான ஜோஷுவா லெடர்பெர்க், எஸ்தர் லெடர்பெர்க் என்னும் தம்பதியர். 1952 இல் அவர்கள் வெளியிட்ட சோதனைக்கு வேண்டிய முக்கியமான கருவி ஒரு வெல்வெட்டுத் துணி. தட்டு ஒன்றில் கிருமிக் கூட்டங்களை வளர்த்தனர். அத்தட்டு மருந்தையே காணாதது. வெல்வெட்டுத் துணியை அதன்மேல் மெல்ல ஒற்றியெடுத்து, மருந்து கலந்த வேறு தட்டுகளில் முத்திரை பதிப்பதுபோல் பதித்தனர். மருந்துத் தட்டுகளில் பெரும்பாலான கூட்டங்கள் மாண்டன. ஓரிரண்டு மட்டும் வளர்ந்தன. எந்தத் தட்டில் பதித்தாலும் அவை அதே இடத்தில் வளர்ந்தன. பின்னர் முதல் தட்டில் அந்த இடத்துக்கு நேரே இருந்த கிருமிகளை எடுத்துச் சோதித்தனர். அவை மருந்தை ஒருபோதும் தொடாதவை. ஆயினும் மருந்தை எதிர்க்கும் கிருமிகள் அங்கே இருந்தன! ஆகவே மருந்து அவற்றுக்கு எதையும் கற்பிக்கவில்லை. முன்பே இருந்த சிலவற்றைத் தேர்ந்தெடுத்து, மற்றவற்றைக் கொன்று, பிழைத்தவற்றுக்கு இடம் ஒழித்துக் கொடுத்தது.

வெல்வெட்டும் கிருமித் தட்டும் நம் பள்ளிகளில் எளிதில் கிடைப்பன அல்ல. ஆதலால் நான் புளியங்கொட்டைகளைக் கொண்டு இதனை நடத்துகிறேன். மற்ற ஆசிரியர்களுக்கும் பயன்படும் என்பதால் விவரமாகவே சொல்லுகிறேன். நூறு கொட்டைகளை எண்ணி எடுத்து, அவற்றுள் இரண்டில் மட்டும் சுண்ணாம்புப் பொட்டு இட வேண்டும். பொட்டு உள்ளவை மருந்தை எதிர்ப்பவை. ஒவ்வொரு முறையும் பொட்டில்லாத கொட்டைகளில் 50 ஐ நீக்கிவிட வேண்டும். இது மருந்தின் வேலை. எஞ்சியவை ஒவ்வொன்றுக்கும் அதேவகைக் கொட்டை ஒன்றைச் சேர்க்க வேண்டும். இது கிருமியின் இனப்பெருக்கம். முதல் முறையில் பொட்டில்லாதவை 96, பொட்டுள்ளவை 4 ஆகும். இரண்டாம் முறையில் 92 உம் 8 உம். மூன்றாம் முறையில் 84 உம் 16 உம். நான்காம் முறையில் 68 உம் 32 உம். ஐந்தாம் முறையில் 36 உம் 64 உம் ஆகும். மொத்தம் எப்போதும் நூறுதான். ஆனால் ஐந்தே முறையில் சிறுபான்மை பெரும்பான்மையாகிவிட்டது. ஆறாம் முறையில் பொட்டில்லாதது ஒன்றும் மிஞ்சாது.

பிறகு அதே ஆட்டத்தை, கண்ணை மூடிக்கொண்டு ஏதேனும் 50 கொட்டைகளை நீக்கும் முறையில் ஆடச் சொல்லுவேன். இது மருந்தில்லாத உலகம். இங்கே பொட்டுள்ளவை சற்றே கூடலாம், சற்றே குறையலாம், அடியோடு மறைந்தும் போகலாம். முன்போல் முறைதோறும் இரட்டிப்பதில்லை. இரண்டையும் ஆடிப் பார்த்த பின்னர், “எந்தக் கொட்டையாவது தானே சுண்ணாம்பு பூசிக்கொண்டதா?” என்று கேட்டால் மாணவர்கள் நகைப்பார்கள். தேர்வுக்காக மனப்பாடம் செய்த பத்துப் பக்கம் மறந்தாலும் இது மறவாது.

புளியங்கொட்டையில் கண்டது மருத்துவமனையிலும் நிகழ்ந்தது. லண்டன் ஹேமர்ஸ்மித் மருத்துவமனையில் மேரி பார்பர் என்னும் அம்மையார், நோயாளிகளிடமிருந்து எடுத்த ஸ்டாபிலோகாக்கஸ் கிருமிகளை ஆண்டுதோறும் சோதித்து வந்தார். 1946 இல் அவற்றுள் நூற்றுக்குச் சுமார் 14 பெனிசிலினை எதிர்த்தன. 1947 இல் அது 38 ஆயிற்று. 1948 இல் 59 ஆயிற்று. ஆட்டத்தின் எண்களையும் இவ்வெண்களையும் அருகருகே எழுதிக் காட்டினால் வகுப்பில் அமைதி நிலவும். கிருமிகள் பெனிசிலினை முறித்தது, ஏபிரகாமும் செயினும் 1940 இல் கண்ட அதே வகை நொதியால்தான். பின்னர் அந்நொதிக்கு அசையாத மெதிசில்லின் என்னும் மருந்து 1959 இல் வந்தது. அதனையும் எதிர்க்கும் ஸ்டாபிலோகாக்கஸ் இங்கிலாந்தில் தோன்றியதை 1961 இல் அறிவித்துவிட்டனர்.

காசநோயின் வரலாறு இன்னும் நெஞ்சை உருக்குவது. மண்ணில் வாழும் நுண்ணுயிர் ஒன்றிலிருந்து ஸ்ட்ரெப்டோமைசின் என்னும் மருந்தை, அமெரிக்க ரட்கர்ஸ் பல்கலைக்கழகத்தில் வாக்ஸ்மனின் ஆய்வுக்கூடத்தில் ஆல்பர்ட் ஷாட்ஸ் 1943 இல் பிரித்தெடுத்தார். பிரிட்டிஷ் மருத்துவ ஆராய்ச்சிக் கவுன்சில் இதனை 107 நோயாளிகளைக் கொண்டு சோதித்து, 1948 இல் முடிவை வெளியிட்டது. ஆறு மாதங்களுள், மருந்து பெற்ற 55 பேரில் இறந்தவர் 4 பேர். பெறாத 52 பேரில் இறந்தவர் 14 பேர். என்னே வெற்றி! ஆனால் ஐந்தாண்டு கழித்துப் பார்த்தபோது, மருந்து பெற்றவர்களில் நூற்றுக்கு 58 பேரும், பெறாதவர்களில் நூற்றுக்கு 67 பேரும் இறந்திருந்தனர். தொடக்கத்தில் கண்ட பெரும் வேறுபாடு ஏறக்குறைய மறைந்தே போயிற்று. நோயாளிகளின் நுரையீரலில் ஸ்ட்ரெப்டோமைசினை எதிர்க்கும் கிருமிகள் பெருகியதே இதற்குத் தலையாய காரணம்.

இந்த இடுக்கணிலிருந்து மீளும் வழியைக் கணக்கே காட்டியது. பத்து லட்சம் கிருமிகளில் ஒன்று முதல் மருந்தை எதிர்க்கிறது எனக் கொள்வோம். வேறொரு பத்து லட்சத்தில் ஒன்று இரண்டாம் மருந்தை எதிர்க்கிறது எனவும் கொள்வோம். இரண்டையும் ஒருங்கே எதிர்க்கும் கிருமி லட்சம் கோடியில் ஒன்றாகத்தான் இருக்கும். ஆகவே இரு மருந்துகளைச் சேர்த்துக் கொடுத்தால், ஒன்றுக்குத் தப்பியதை மற்றது கொன்றுவிடும். ஸ்ட்ரெப்டோமைசினோடு பாஸ் என்னும் மருந்தையும் சேர்த்துக் கொடுத்த சோதனையின் முடிவு 1950 இல் வெளிவந்தது. மருந்தெதிர்ப்பு வெகுவாகக் குறைந்தது. 1952 இல் ஐசோனியசிட் என்னும் மலிவான மருந்தும் வந்து சேர்ந்தது.

ஆனால் கூட்டு மருந்தை மாதக்கணக்கில் நாள் தவறாமல் உண்ண வேண்டும். சானடோரியங்களில் இடம் இல்லாத ஏழை நாடுகளில் இது நடக்குமா? இந்தக் கேள்விக்கு விடை கண்ட இடம் நம் சென்னை மாநகரம் என்பதை நம் மாணவர்கள் அவசியம் அறிய வேண்டும். 1956 இல் சேத்துப்பட்டில் காசநோய் மருந்துச் சிகிச்சை நிலையம் தொடங்கப்பெற்றது. இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகம், சென்னை அரசாங்கம், உலக சுகாதார நிறுவனம், பிரிட்டிஷ் மருத்துவ ஆராய்ச்சிக் கவுன்சில் ஆகியவை கூடி அமைத்த நிலையம் அது. நெருக்கடியான வீடுகளில் வாழும் ஏழை நோயாளிகளை இரு பிரிவாக்கி, ஒரு பிரிவினருக்குச் சானடோரியத்திலும், மற்றொரு பிரிவினருக்கு வீட்டிலேயும் ஓராண்டுக் காலம் சிகிச்சை அளித்தனர். 1959 இல் வெளிவந்த முடிவு உலகை வியக்க வைத்தது. சத்துணவும் ஓய்வும் குறைந்த வீட்டுச் சிகிச்சையும் சானடோரியச் சிகிச்சைக்கு ஏறக்குறைய நிகரான பயன் தந்தது. வீட்டிலுள்ள மற்றவர்களுக்கு அதனால் மிகுதியாக நோய் தொற்றவும் இல்லை.

அந்நிலையத்தார் மருந்தைக் கொடுத்ததோடு நின்றுவிடவில்லை. முன்னறிவிப்பின்றி வீடு தேடிச் சென்று, மிஞ்சிய மாத்திரைகளை எண்ணினர். சிறுநீரைச் சோதித்து, மருந்து உண்டதற்கு அடையாளம் உண்டா என்று பார்த்தனர். நோயாளியின்மேல் ஐயம் கொண்டு செய்த காரியம் அன்று அது. மருந்து ஒழுங்காக உண்ணப்படுவதும் சிகிச்சையின் ஒரு பகுதி என்று அவர்கள் கொண்டதன் விளைவே அது. கண்ணெதிரே மருந்து உண்ணச் செய்யும் முறை பிற்காலத்தில் உலகெங்கும் பரவியதற்கு இச்சென்னை அனுபவமும் ஒரு மூலம். அந்நிலையமே இன்று தேசியக் காசநோய் ஆராய்ச்சி நிறுவனமாக விளங்குகிறது.

இங்கே ஆசிரியர்கள் ஒரு நுட்பத்தை மறக்கலாகாது. காசநோய் மருந்தை இடையில் நிறுத்துவது பேராபத்து. ஆனால் அதைக் கொண்டு, எல்லா நோய்க்கும் எவ்வளவு நீண்ட நாள் உண்கிறோமோ அவ்வளவு நன்மை என்று கற்பிப்பதும் பிழை. சாதாரணத் தொற்றுகள் பலவற்றுக்குக் குறுகிய காலச் சிகிச்சையே போதும் என்று அண்மைக்கால ஆய்வுகள் காட்டுகின்றன. வேண்டாத நாட்களில் உண்ணும் மருந்து, நம் குடலில் தீங்கின்றி வாழும் கிருமிகளிடையே எதிர்ப்பவற்றைத் தேர்ந்தெடுக்கிறது. ஆகவே நாளைக் குறைப்பதும் கூட்டுவதும் நோயாளியின் விருப்பம் அன்று. மருத்துவர் குறித்த அளவே அளவு என்று சொல்லுவதே பொருத்தம்.

“தீங்கற்ற கிருமி எதிர்த்தால் நமக்கென்ன?” என்று மாணவர் கேட்பதுண்டு. விடை ஜப்பானிலிருந்து வருகிறது. 1950களில் அங்கே சீதபேதி உண்டாக்கும் கிருமிகள் ஒரே சமயத்தில் பல மருந்துகளை எதிர்க்கத் தொடங்கின. 1959 இல் ஒச்சியாய், அகிபா முதலிய ஆய்வாளர்கள் வியப்பான உண்மையைக் கண்டனர். குடலில் வாழும் வேறினக் கிருமியொன்று, பல மருந்துகளை எதிர்க்கும் தன்மையை மொத்தமாகச் சீதபேதிக் கிருமிக்குக் கைமாற்றிக் கொடுத்துவிடுகிறது! தந்தை மகனுக்குச் சொத்து வைப்பது உலக வழக்கு. கிருமிகளோ அண்டை வீட்டாருக்கும் சொத்தைப் பகிர்ந்தளிக்கின்றன. கால்நடைத் தீவனத்தில் இம்மருந்துகளைக் கலப்பதும் ஆபத்து என்பதற்கு இதுவே காரணம். மனிதருக்குக் கடைசிப் புகலிடங்களுள் ஒன்றான கோலிஸ்டின் என்னும் மருந்தை, உணவுக்காக வளர்க்கும் கோழி, கால்நடைகளுக்குக் கொடுப்பதை இந்திய அரசு 2019 இல் தடை செய்தது.

மருந்தெதிர்ப்பு மனிதன் படைத்ததன்று என்பதையும் சொல்ல வேண்டும். கனடாவின் உறைபனி மண்ணில் 30,000 ஆண்டுகளாகப் புதைந்து கிடந்த உயிரெச்சங்களிலும் மருந்தெதிர்ப்பு மரபணுக்கள் இருந்ததை 2011 இல் கண்டறிந்தனர். பூஞ்சணங்களுக்கும் கிருமிகளுக்கும் இடையே நெடுங்காலமாக நடந்துவரும் போரில் பயின்ற படைக்கலம் அது. அதனை உலகெங்கும் மலியச் செய்தது மட்டுமே மனிதன் செயல். இதன் விலை சிறிதன்று. 2019 ஆம் ஆண்டில் மட்டும் மருந்தெதிர்ப்பினால் நேராக விளைந்த மரணங்கள், உலகில் சுமார் 12 லட்சத்து 70 ஆயிரம் என மதிப்பிட்டுள்ளனர்.

நம் நாட்டிலும் முயற்சிகள் நடவாமல் இல்லை. 2012 இல் நாட்டின் மருத்துவச் சங்கங்கள் பல கூடி வகுத்த திட்டத்துக்குச் சென்னைப் பிரகடனம் என்றே பெயர். முக்கியமான நுண்ணுயிர்க்கொல்லிகள் பலவற்றை மருத்துவர் சீட்டின்றி விற்பதைக் கட்டுப்படுத்தும் எச்1 பட்டியல் 2014 மார்ச் முதல் நடைமுறைக்கு வந்தது. மருந்து அட்டையில் உள்ள செங்கோட்டைக் கவனியுங்கள் என்னும் பிரசாரத்தை மத்திய அரசு 2016 இல் தொடங்கியது. சீட்டின்றி வாங்கலாகாத மருந்து என்பதற்கு அச்செங்கோடு அடையாளம். தீர்ந்துபோன மருந்து அட்டைகளை வீட்டிலிருந்து கொண்டுவரச் சொல்லி, கோடு உள்ளவை, இல்லாதவை என்று மாணவர்களைப் பிரிக்கச் செய்வது மிகப் பயனுள்ள பயிற்சி. பழைய அட்டையைக் காட்டிக் கடையில் மருந்து வாங்கிவர அனுப்பப்படுவோர் பெரும்பாலும் இப்பிள்ளைகளே அல்லரோ?

அச்சம் ஊட்டுவது மட்டும் கல்வி ஆகாது; நம்பிக்கையும் ஊட்ட வேண்டும். அதற்கும் வரலாற்றில் சான்று உண்டு. பெனிசிலினை எதிர்க்கும் கிருமிகள் பெருகியதை எண்ணிக் காட்டிய அதே மேரி பார்பர், 1950களின் இறுதியில் தம் மருத்துவமனையில் மருந்துகளைச் சிக்கனமாகவும் வரையறையோடும் பயன்படுத்தும் முறையைக் கொண்டுவரச் செய்தார். மருத்துவமனையில் மருந்தெதிர்ப்பு குறைந்தது என்று 1960 இல் அவரும் உடன் பணிபுரிந்தோரும் அறிவித்தனர். மனிதர் கட்டுப்பாட்டோடு நடந்தால் காற்று திசை மாறும் என்பதற்கு அது போதிய சான்று.

ஆகவே பெனிசிலின் கதையைச் சொல்லும் ஆசிரியர்களை நான் வேண்டிக்கொள்வது இதுதான். 1928 இல் தொடங்கி 1945 இல் முடித்துவிடாதீர்கள். மருந்து பழகுவது உடம்புக்கு அன்று. மாறுவது கிருமிக் கூட்டமே என்று காட்டுங்கள். சளிக்கும் சாதாரணக் காய்ச்சலுக்கும் காரணமான வைரஸ்களை இம்மருந்துகள் தீண்டுவதே இல்லை என்று சொல்லுங்கள். ஒருவர் வீணாக உண்ணும் மாத்திரை மற்றொருவர் உயிரைக் காக்க வேண்டிய மாத்திரை என்பதை உணரச் செய்யுங்கள். ஊர்ப் பொதுக்குளத்தில் அழுக்குச் சேர்ப்பவன் தன் வீட்டுக் குடத்தை மட்டும் கெடுத்துக்கொள்வதில்லை. நுண்ணுயிர்க்கொல்லிகளும் அத்தகையதொரு பொதுக்குளமே. அதைக் காக்கும் பொறுப்பு, நாளை மருத்துவராகப் போகும் ஓரிரு மாணவரை மட்டும் சார்ந்ததன்று. நாளை நோயாளியாகவும், நோயாளியின் தாய் தந்தையராகவும் ஆகப்போகும் வகுப்பு முழுவதையும் சார்ந்தது.